சதுர அடி ஒப்பந்த வீட்டுக்கு அளவைப் பொறியாளர் சேவை: கும்பகோணத்திலிருந்து ஒரு மதிப்புரை

கும்பகோணத்தின் புறப்பகுதியில் 2025 பிப்ரவரியில் நாங்கள் தொடங்கிய வீட்டு வேலையில், ஒப்பந்ததாரரின் கூடுதல் பில்லை எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல் திகைத்த நேரத்தில், திருச்சியிலிருந்து இயங்கும் ஓர் அளவைச் சேவையை அமர்த்தினோம். கட்டடத்தை நேரில் அளப்பது, வரைபடத்தோடும் ஒப்பந்தத்தோடும் ஒப்பிடுவது, பில்லைச் சரிபார்த்து அறிக்கை தருவது, கேட்டுக்கொண்டால் இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசுவது ஆகியவை அவர்கள் செய்யும் வேலைகள். மூன்று வருகைக்கும் அறிக்கைக்கும் சேர்த்து ரூ.28,000, பேச்சுவார்த்தைக்கு வந்த நான்காவது நாளுக்குத் தனியாக ரூ.4,500. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் அந்தச் சேவையின் பெயரையும் ஒப்பந்ததாரரின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கட்டுமானத் தொழிலைப் பற்றி எனக்கு முன்பு தெரிந்ததெல்லாம் மிகக் குறைவு என்பதையும், என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒப்பந்தம் நூறு ரூபாய் முத்திரைத் தாளில் தட்டச்சு செய்யப்பட்ட மூன்று பக்கங்கள். தரைத்தளம் 1,050 சதுர அடி, முதல் தளம் 900 சதுர அடி, ஆக 1,950 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு ரூ.2,250, மொத்தம் ரூ.43,87,500. சிமென்ட், கம்பி, டைல்ஸ், சுவிட்ச், குழாய் எல்லாவற்றுக்கும் எந்த பிராண்டு என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தோம். அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக உறவினர்களிடம் கேட்டும் கடைகளில் விசாரித்தும் ஒரு மாதம் செலவிட்டோம். ஆனால் ‘சதுர அடி’ என்றால் எதை எல்லாம் அளப்பது என்று ஒரே ஒரு வரிகூட அதில் இல்லை. போர்டிகோ முழுதாகக் கணக்கா, பாதியாகக் கணக்கா? பால்கனி? மாடிப்படியின் மேல் எழும் ஹெட்ரூம்? பிராண்டு மாறினால் ஆயிரங்களில் வித்தியாசம் வரும். இந்த ஒரு வரி இல்லாததால் எங்களுக்கு லட்சங்களில் வந்தது.

தரைத்தளக் கூரை போட்டு முடிந்த ஜூலையில், கடைக்கால் (அஸ்திவார) வேலைக்குக் கூடுதலாக ரூ.2,40,000 வேண்டும் என்று ஒப்பந்ததாரர் கேட்டார். எதற்கு எவ்வளவு என்ற விவரம் இல்லை, ஒரே தொகை. நாங்கள் தயங்கியதும் வேலையின் வேகம் குறைந்தது. அக்டோபருக்குள் அந்தத் தொகையோடு, போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் ஆகியவற்றின் 264 சதுர அடிக்கு முழு விலையாக ரூ.5,94,000, சிமென்ட் விலை ஏறியதற்காக ரூ.40,000 என்று சேர்ந்து, கூடுதல் பில் ரூ.8,74,000 ஆகியிருந்தது. மொத்த ஒப்பந்தத் தொகையில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அளவையாளர்கள் முதன்முறையாக வந்தார்கள். பொதுப்பணித் துறையில் நெடுநாள் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர் ஒருவரும், அவருடன் ஓர் இளம் பெண் பொறியாளரும். வந்தவுடன் அவர்கள் செய்த முதல் காரியம் ஒப்பந்ததாரருக்குத் தொலைபேசியில் பேசி அவர் வரும்வரை காத்திருந்ததுதான். அவர் இல்லாமல் ஒரு சுவரைக்கூட அளக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை; பணம் கொடுத்து அமர்த்தியது நான், எனக்காகத்தானே வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். டேப்பின் ஒரு முனையை அவருடைய மேஸ்திரியின் கையிலும் மறுமுனையைத் தம் உதவியாளரின் கையிலும் கொடுத்து, தாம் கணக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் மூத்த பொறியாளர். பிற்பாடு நடந்த பேச்சில் ‘அளவு தப்பு’ என்ற சொல் ஒருமுறைகூட எழாததற்குக் காரணம் அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்புதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அந்தக் கணக்கேடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரசுத் துறைகளில் ‘எம்-புக்’ என்று அழைக்கப்படும் அளவைப் பதிவேட்டின் அதே அமைப்பில், வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், மொத்த அளவு என்று கோடு போட்ட நோட்டு அது. பென்சில் இல்லை, பேனாதான். தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒப்பந்ததாரர், நான், பொறியாளர் என்று மூன்று கையெழுத்து. கைபேசிச் செயலியில் அளவைக் குறித்துக்கொண்டு போய்விடும் சேவைகளும் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். ஆனால் மூன்று பேர் நின்ற இடத்திலேயே படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட அந்தத் தாளுக்கு இருந்த மதிப்பு, பிறகு மின்னஞ்சலில் வந்த அழகான விரிதாளுக்கு எங்கள் இருவரிடமுமே இருக்கவில்லை.

இரண்டாவது வருகை முதல் தளக் கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். வரைபடப்படி ஹாலின் மேல் 8 மி.மீ. கம்பி ஐந்து அங்குல இடைவெளியில் வர வேண்டும். கட்டியிருந்தது ஆறு அங்குலத்தில். பதினாறு அடி நீளத்துக்கு 39 கம்பிகள் வர வேண்டிய இடத்தில் 33 இருந்தன. ஒப்பந்ததாரர் மறுப்புச் சொல்லாமல் அன்று மாலையே ஆறு கம்பிகளைச் சேர்த்துக் கட்டவைத்தார். ஆனால் கம்பியே எடை குறைவான கம்பி என்று எனக்கிருந்த சந்தேகம் தவறு என்று அதே நாளில் தெரிந்தது. கம்பியின் விட்டத்தை மி.மீ.இல் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும்; 8 மி.மீ. கம்பிக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி 4.74 கிலோ இருக்க வேண்டும். தொங்கு தராசில் பத்துக் கம்பிகளைக் கட்டி நிறுத்தபோது 47.4 கிலோவுக்குப் பதில் 45.6 கிலோ காட்டியது. நான் உடனே முகம் சுளித்தேன். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1786, பத்து மி.மீ. வரையுள்ள கம்பிகளின் தொகுதிக்கு ஏழு சதவீதம் வரை ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது, இங்கே குறைவு நான்கு சதவீதத்துக்கும் கீழ், ஆகவே இதில் ஒப்பந்ததாரர் மீது குற்றமில்லை என்று பொறியாளர் அவர் முன்னிலையிலேயே சொன்னார். பணம் கொடுப்பவருக்குச் சாதகமாக மட்டும் பேசும் ஆட்கள் இவர்கள் அல்லர் என்பது ஒப்பந்ததாரருக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவருடைய பேச்சின் தொனியே மாறியது.

பின்கட்டில் தனியாகக் கட்டிய பத்துக்குப் பத்து அடி ஸ்டோர் ரூமை, சதுர அடி விலையில் சேர்க்காமல், வேலைவாரியாக அளந்து கொடுப்பதென்று பேசியிருந்தோம். அதன் பூச்சு வேலையை அளக்கும்போது கதவின் திறப்பு குறித்து வாக்குவாதம் வந்தது. மூன்றடி அகலம், ஏழடி உயரம், 21 சதுர அடி. சுவரின் இரு பக்கமும் பூசுவதால் இரு பக்கத்திலும் கழித்து 42 சதுர அடி குறைய வேண்டும் என்பது என் வாதம். கதவுக்கெல்லாம் கழிப்பதே வழக்கமில்லை என்பது மேஸ்திரியின் வாதம். ஐ.எஸ். 1200 என்ற அளவை விதித் தொகுப்பின் பன்னிரண்டாம் பகுதி இதற்கு விடை வைத்திருக்கிறது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவே இல்லை, அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சானால், ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், மூன்று சதுர மீட்டருக்கு மேல் இரு பக்கமும் கழித்து, திறப்பின் ஓரங்களில் பூசுவதைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். எங்கள் கதவு ஏறத்தாழ 1.95 சதுர மீட்டர். ஆகவே 21 சதுர அடி மட்டும் கழிந்தது. இன்னொரு பக்கத்தை ஏன் விட்டுவிடுகிறோம் என்றால், நிலையைச் சுற்றியுள்ள ஓரங்களிலும் மேல்விளிம்பிலும் கொத்தனார் பூசுகிறார், அந்த உழைப்புக்கு அது ஈடு என்று பொறியாளர் விளக்கினார். பணமாகப் பார்த்தால் ஆயிரம் ரூபாய் விவகாரம். ஆனால் எங்கள் இருவரின் வாதமும் நிற்காமல், இரண்டுக்கும் நடுவே காரணத்தோடு ஒரு விதி ஏற்கெனவே எழுதப்பட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்றாவது வருகை அக்டோபரில். பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை அதன்பின் இருபத்தொரு நாள் கழித்து வந்தது. அந்த நாட்களில் வேலை பாதி நின்றது. சித்தாள்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். தாமதத்துக்காகச் சேவையினர் கட்டணத்தில் எதையும் குறைக்கவில்லை. மற்றவர்களின் ஒப்பந்தத்தில் காலக்கெடு எழுதச் சொல்கிறவர்கள் தங்களுடைய சேவைக்கும் ஒரு காலக்கெடுவை எழுதித் தர வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததுதான். கையெழுத்திட வேண்டிய மூவரில் என் தந்தைக்கும் ஒப்பந்ததாரருக்கும் அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. நான் இரண்டு இரவு உட்கார்ந்து பதினான்கு பக்கத்தையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். தளத்தில் அத்தனை தெளிவாகத் தமிழில் பேசியவர்கள், எம்-புக்கில் ‘கடைக்கால் மண் வெட்டு’ என்று எழுதியவர்கள், அறிக்கையில் மட்டும் ஏன் மொழியை மாற்றுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒப்பந்ததாரர் நம்ப வேண்டிய தாள் அவர் படிக்கக்கூடிய மொழியில் இருப்பது சலுகை அல்ல. அந்தச் சேவையின் அடிப்படைக் கடமை.

அறிக்கையின் முதல் வடிவத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகளுக்கு அவர்கள் பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலிலிருந்து விலை எடுத்திருந்தார்கள். எங்கள் பகுதியில் அந்த ஆண்டு கொத்தனார் கூலியும் செங்கல் விலையும் இருந்த நிலைக்கு அது பொருந்தவில்லை. ஒப்பந்ததாரர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. பிறகு அவர்களே அதை மாற்றி, அவர் வாங்கிய மூன்று பில்களையும் உள்ளூர்க் கூலியையும் அடிப்படையாக வைத்து விலையைக் கட்டினார்கள். செங்கல் கட்டு வேலைக்கு ஒரு கன அடிக்குப் பொருளும் கூலியும் ரூ.191 வந்தது, மத்தியப் பொதுப்பணித் துறை தன் விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்ததாரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் வைக்கும் 15 சதவீதத்தைச் சேர்த்து ரூ.220 என்று முடிவானது. லாபத்தை வெளிப்படையாக ஒரு வரியில் எழுதியது எனக்குப் பிடித்தது. லாபம் வைக்கக்கூடாது என்று நாம் பேசுவதும், அவர் அதை அளவில் ஒளித்து எடுப்பதும் நம் ஊரில் வழக்கமாகிவிட்டது.

நவம்பர் முதல் வாரத்தில், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, பூச்சு முடியாத ஹாலில் இரண்டு ஸ்டூல்களின் மேல் சாரப் பலகையைப் போட்டு உட்கார்ந்தோம். “ஒட்டுமொத்தமா ஒரு தொகை பேசி முடிச்சுக்கலாம் டீச்சர், எதுக்கு இவ்வளவு கணக்கு?” என்றுதான் ஒப்பந்ததாரர் தொடங்கினார். என் மாமாவும் அதையே சொல்லியிருந்தார்: பாதிக்குப் பாதி கேள், ரூ.4,37,000க்கு ஒத்துக்கொள்வார். பொறியாளர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் அளவு, அது முடிந்து கையெழுத்தான பிறகு விலை, அதுவும் முடிந்த பிறகுதான் ஒப்பந்தத்தில் இல்லாத விஷயங்கள். ஒன்றைப் பேசும்போது இன்னொன்றை இழுக்கக்கூடாது என்றார். ‘போர்டிகோவை விட்டுக்கொடுக்கிறேன், கடைக்காலை ஒத்துக்கொள்ளுங்கள்’ என்று இரண்டு முறை பேச்சு திரும்பியபோதும் நோட்டில் விரலை வைத்து, இந்த வரியை முடிப்போம் என்று அழைத்து வந்தார்.

கடைக்கால் பில்லான ரூ.2,40,000 பிரித்துப் பார்த்தபோது இரண்டு வேறு வேலைகளாக இருந்தது. ஒப்பந்தத்தில் தூண் குழியின் ஆழம் ஐந்தடி. களிமண் ஆழமாக இருந்ததால் ஆறரை அடி தோண்டினார்கள். குழிகள் மூடிப் பல மாதமாகிவிட்ட நிலையில் இதை எப்படி நிரூபிப்பது? என் தந்தை குழிக்குள் இறங்கி நின்றபோது என் தம்பி எடுத்த ஒரு புகைப்படம் கைபேசியில் கிடந்தது. தந்தையின் உயரம் ஐந்தரை அடி. படத்தில் அவருடைய தலையுச்சி தரைமட்டத்துக்கு ஓர் அடி கீழே இருக்கிறது. அப்படி மூன்று குழிகளுக்குப் படம் இருந்தது; பதினான்குக்கும் அதையே இரு தரப்பும் ஏற்றுக்கொண்டோம். ஐந்துக்கு ஐந்தடிக் குழியில் ஒன்றரை அடி கூடுதல் ஆழம் என்றால் குழிக்கு 37.5 கன அடி, பதினான்குக்கு 525 கன அடி மண் வெட்டு.

இரண்டாவது வேலை, பேஸ்மென்ட் உயரம், அதாவது தரைமட்டத்திலிருந்து வீட்டின் தளம் எழும் உயரம். தெருவில் புதிதாகச் சாலை போட்டு மட்டம் உயர்ந்ததால், இரண்டரை அடியாக இருந்த பேஸ்மென்டை நான்கடியாக உயர்த்தச் சொன்னது நான்தான். வாய்மொழியாகச் சொன்னேன், அவரும் ‘செஞ்சிடலாம்’ என்றார், அதற்குத் தனிப் பணம் கிடையாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அளந்து பார்த்தால், 210 அடி நீளச் சுவரில் முக்கால் அடிக் கனத்தில் ஒன்றரை அடி உயர்ந்தது 236 கன அடி செங்கல் கட்டு. உள்ளே நிரப்பிய மண் 1,339 கன அடி. இறுக்கிய பின் அளந்த கணக்கு இது, லாரியில் தளர்வாக வரும்போது கால் பங்கு கூடுதல், அதாவது, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், பதினாறே முக்கால் யூனிட். வெளிப்பூச்சு 198 சதுர அடி. ஆழத்திலும் உயரத்திலும் சேர்த்து மூன்றடி கூடிய பதினான்கு தூண்களுக்கு 31.5 கன அடி கான்கிரீட்டும் 98 கிலோ கம்பியும். எல்லாவற்றையும் விலையோடு பெருக்கிக் கூட்டினால் ரூ.1,47,000 வந்தது. நான் கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்த தொகை இது. அவர் கேட்டதைவிட ரூ.93,000 குறைவு.

எழுத்தில் இல்லாத வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவைப் பொறியாளர் எடுத்துச் சொன்னார்: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி இன்னொருவருக்காக ஒன்றைச் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு. மழைத் தண்ணீர் வாசலோடு நின்றுவிடுவதை அன்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

சதுர அடிப் பிரச்சினையில் அளவில் வித்தியாசம் இல்லை. போர்டிகோ 120, பால்கனி 64, ஹெட்ரூம் 80, ஆக 264 என்பதை நோட்டும் சொன்னது. எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. கட்டடப் பரப்பை அளக்க ஐ.எஸ். 3861 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதன்படி என்று ஒரு வரி எழுதியிருந்தால் பேச்சே எழுந்திருக்காது. எழுதாததால், செலவை வைத்துப் பேசினார்கள். ஹெட்ரூமுக்கு நான்கு சுவரும் கூரையும் இருக்கின்றன. அது முழுக் கணக்கு. போர்டிகோவுக்குத் தூணும் கூரையும் உண்டு, சுவர் இல்லை; பால்கனிக்குத் தளமும் கைப்பிடியும் மட்டும்; இரண்டும் பாதி. 80, 60, 32 என்று 172 சதுர அடிக்கு ரூ.3,87,000. இந்த ‘பாதி’ என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லாத பேச்சுவார்த்தை முடிவு என்பதை மறைக்காமல் அறிக்கையிலும் எழுதினார்கள்.

சிமென்ட் விலையேற்றத்துக்கான ரூ.40,000 விரைவில் முடிந்தது. பெரிய அரசு ஒப்பந்தங்களில் விலை ஏறினால் குறியீட்டெண் அடிப்படையில் ஈடு தரும் பிரிவுகள் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தின் 10சிசி பிரிவு அப்படிப்பட்டது. எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. இல்லாத பிரிவை வைத்து ஏற்றத்தைக் கேட்டால், 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததன் பலனை டீச்சரும் கேட்கலாம் அல்லவா என்றார் பொறியாளர். ரூ.360க்கு விற்ற மூட்டையில் வரி மட்டும் அந்த அளவு குறைந்தாலே ஏறத்தாழ ரூ.28 இறங்கும். இரண்டையும் விட்டுவிட ஒத்துக்கொண்டோம்.

ஆக முடிந்த தொகை ரூ.5,34,000. கேட்டதிலிருந்து ரூ.3,40,000 குறைந்தது, சேவைக் கட்டணம் ரூ.32,500. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்தச் சேவை லாபகரமானது என்று எளிதாக முடித்துவிடலாம். ஆனால் மாமா சொன்னபடி பாதிக்குப் பாதி பேசியிருந்தால் ரூ.97,000 எனக்கு இன்னும் மிச்சமாகியிருக்கும். உறவினர்கள் இன்றுவரை அதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். நான் அதை இழப்பாக எண்ணவில்லை. அந்த ரூ.97,000, அவர் செங்கல்லும் மண்ணும் வாங்கிச் செய்து முடித்த வேலையின் விலை. அதைப் பேரத்தில் பிடுங்கியிருந்தால் அவர் பூச்சிலும் டைல்ஸிலும் வயரிங்கிலும் எடுத்திருப்பார்; எங்கே எடுத்தார் என்று எனக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. நாங்கள் இருவரும் மறுக்க முடியாத ஓர் எண் கிடைத்ததுதான் நான் கட்டணம் கொடுத்து வாங்கிய பொருள். அந்த எண் யார் பக்கம் சாயும் என்று முன்கூட்டி உறுதி தரும் சேவையை யாரும் அமர்த்தாதீர்கள்.

அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னவற்றில் எனக்கு அதிர்ச்சி தந்தது வேறொன்று. எங்கள் ஒப்பந்தத்தின் தவணைப் பட்டியல்படி, தரைத்தளக் கூரை முடியும்போதே 65 சதவீதம், அதாவது ரூ.28.5 லட்சம் கொடுத்துவிட்டிருந்தோம். அந்த நாளில் தளத்தில் நின்ற வேலையின் மதிப்பை அவர்கள் கணக்கிட்டபோது ரூ.22 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக வந்தது. வேலையைவிடப் பணம் ஆறரை லட்சம் முன்னால் ஓடியிருந்தது. வேலையை நிறுத்தினாலும் அவருக்கு நஷ்டமில்லை, எங்களுக்குத்தான் நஷ்டம் என்ற நிலையை நாங்களே கையெழுத்திட்டு உருவாக்கியிருந்தோம். ஜூலையில் வேலை ஏன் மந்தமானது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மீதித் தொகையை ஏழு சிறு தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய ஒரு முடிந்த வேலையோடு இணைத்து, துணை ஒப்பந்தம் ஒன்றை அன்றே எழுதினார்கள். என்னைப் பொறுத்தவரை முழுச் சேவையிலும் மிகப் பயனுள்ள தாள் அந்த ஒன்றரைப் பக்கம்தான். அதன் பிறகு வேலை ஒரு நாளும் நிற்கவில்லை.

இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், பொருளோடு சேர்த்துச் சதுர அடி விலைக்கு வீட்டைக் கொடுப்பவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆனால் கையெழுத்திடும் முன்பே அமர்த்த வேண்டும். ஒப்பந்த வரைவைப் படித்துத் திருத்தித் தர அவர்கள் தனியாக ரூ.6,000தான் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பொருளை நீங்களே வாங்கிக் கூலியை மட்டும் மேஸ்திரிக்குக் கொடுப்பவரானால் இவ்வளவு தேவையில்லை. தனி வீட்டுக்கான கூலி மட்டும் ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. பொருள் வரவு செலவை வைத்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். அமர்த்துபவர்கள், அறிக்கை தமிழில் வேண்டும் என்பதையும் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடப்போகும் வேலைகளை, குழி, கம்பி, சுவருக்குள் போகும் குழாய் எதுவானாலும், பக்கத்தில் டேப்பை வைத்துத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு அவர்களாலும் அளக்க முடியாது.

ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையில் ரூ.1,00,000 இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை வீடு முழுதாகப் பார்த்த பிறகு, கூரையிலும் பால்கனிச் சந்திப்பிலும் கசிவு இல்லை என்று எல்லோரும் சேர்ந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதாகத் துணை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். அந்த வருகைக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று சேவையினர் சொல்லியிருக்கிறார்கள். வந்து போன பிறகு அதையும் இதில் சேர்த்து எழுதுகிறேன்.